நெஞ்சுல கிளாட், நுரையீரல்ல கிளாட்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எங்கிட்ட திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்க

நான் ஐசியூ நர்ஸு. தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் சேத்து பதிமூணு வருஷம் ஆச்சு. வார்டு வாசல்ல, பஸ்ஸுல, கல்யாண வீட்ல, எங்க போனாலும் இந்த ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கற கிளாட் சந்தேகம்தான் வருது. எங்க அத்தைக்கே நுரையீரல்ல கிளாட் வந்து பொழச்சாங்க, அதனால எனக்கு இது வெறும் டியூட்டி விஷயம் இல்ல. கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டிருக்கேன். மாத்திரை அளவு மாத்தறது, நிறுத்தறது எல்லாம் உங்க டாக்டர் கையிலதான்.

"ரத்தக் கட்டின்னு சொல்றாங்களே சிஸ்டர், கேன்சர் கட்டியா? அறுத்து எடுக்கணுமா?"

இல்லைங்க. கட்டிங்கற வார்த்தையே பாதி பேரை பயமுறுத்திடுது. ஆடு வெட்டறப்ப ரத்தத்த பாத்திரத்துல புடிச்சு வெச்சா கொஞ்ச நேரத்துல கெட்டியா துண்டு போடற மாதிரி நிக்கும்ல, அதேதான் குழாய்க்குள்ள நடக்குது. கை வெட்டுப்பட்டா ரத்தம் உறையறது நல்லது, அது உடம்போட காவல். ஆனா வெட்டே இல்லாத எடத்துல, ஓடிட்டிருக்கற குழாய்க்குள்ள உறைஞ்சா அடைச்சுக்கும்.

இன்னொரு குழப்பமும் இருக்கு. எங்கயாவது இடிச்சுகிட்டா தோலுக்கு அடியில நீலமா வருமே, அதை நாம ரத்தக்கட்டுன்னு சொல்றோம். அது குழாய்க்கு வெளிய கசிஞ்ச ரத்தம், இது வேற. குழப்பம் வேணாம்னு நான் இங்க கிளாட்டுன்னே எழுதறேன்.

"ஹார்ட்லயும் கிளாட்டுங்கறாங்க, நுரையீரல்லயும் கிளாட்டுங்கறாங்க, ரெண்டும் ஒண்ணுதானே?"

இதை மட்டும் புரிஞ்சுகிட்டா மீதி எல்லாம் சுலபம். மூணு விதம் இருக்கு. முதல் விதம் ஹார்ட் அட்டாக். ஹார்ட்டுக்கு ரத்தம் கொண்டு போற குழாய்ல பல வருஷமா கொழுப்பு படிஞ்சிருக்கும், ஒரு நாள் அந்தப் படிவு வெடிச்சு, அது மேல தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவற சின்ன அணுக்கள்) வந்து குமிஞ்சு அடைச்சுடும். ரெண்டாவது நுரையீரல் கிளாட். இது பெரும்பாலும் கால்லயோ இடுப்புலயோ இருக்கற ஆழமான நரம்புல உருவாகி (நாம நரம்புன்னு சொல்ற ரத்த நாளத்தைத்தான் சொல்றேன்), கழண்டு, மேல ஏறி, ஹார்ட்டோட வலது பக்கம் நுழைஞ்சு, நுரையீரல் குழாய்ல போய் சிக்கிக்கும். மூணாவது, ஹார்ட்டோட அறைக்குள்ளயே ரத்தம் தேங்கி உறையறது. இடது பக்க அறையில இருக்கறது கழண்டா மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம்.

எங்க, எதனால உறைஞ்சுதுங்கறதை வெச்சுதான் டெஸ்டும் மாறும், மாத்திரையும் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் ஹார்ட்டுக்கு ஆஸ்பிரின் சாப்டறாருன்னு நுரையீரல் கிளாட்டுக்கு அதை மட்டும் போட்டா பத்தாது.

"நெஞ்சு வலி வந்தா கேஸா ஹார்ட்டான்னு வீட்லயே எப்படி கண்டுபுடிக்கறது?"

முடியாதுங்க. பதிமூணு வருஷம் பாத்த என்னாலயும் முடியாது, ஈசிஜி எடுத்தாதான் தெரியும். நடு நெஞ்சுல பாரம் வெச்ச மாதிரி, இடது கைக்கு, தாடைக்கு, முதுகுக்குப் பரவுது, குளிர்ந்த வேர்வை ஊத்துதுன்னா சோடா குடிச்சுப் பாக்கலாம், சீரகத் தண்ணி வெச்சுப் பாக்கலாம்னு உக்காரவே கூடாது. சுகர் இருக்கறவங்களுக்கு, வயசானவங்களுக்கு, பொம்பளைங்களுக்கு வலியே இல்லாம மூச்சு வாங்கறது, வாந்தி, திடீர் அசதி மட்டும் கூட வரலாம்.

ஆஸ்பத்திரி வாசல் நுழைஞ்ச 10 நிமிஷத்துக்குள்ள ஈசிஜி எடுக்கணும். முதல் ஈசிஜி நார்மல்னு சொன்னதும் எழுந்து வீட்டுக்குப் போயிடாதீங்க, வலி இருந்தா திரும்பத் திரும்ப எடுப்பாங்க, ட்ரோபோனின்னு ஒரு ரத்த டெஸ்ட்டும் சில மணி நேரம் விட்டு ரெண்டு தடவை பாப்பாங்க. அப்புறம், ஈசிஜி பேப்பர மாத்திரை கவருக்குள்ள மடிச்சு சொருகாதீங்க, வெயில்லயும் வெக்காதீங்க, கோடு மங்கிடும், போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

"சேலம் தூக்கிட்டுப் போறதா, பெங்களூர் போறதா, இங்கயே காட்டறதா?"

அதிகமா உயிர் போறது இந்தக் கேள்வியாலதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். அட்டாக் வந்து ஒவ்வொரு நிமிஷமும் ஹார்ட் தசை செத்துகிட்டே இருக்கு, அது திரும்ப வளராது. தருமபுரிலருந்து சேலம் 65 கிலோமீட்டர் கிட்ட, நடுவுல தொப்பூர் கணவாய், அங்க ஒரு லாரி கவுந்தா எப்படி நிப்போம்னு நமக்குத் தெரியும். கிருஷ்ணகிரிலருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர், ஓசூர் தாண்டினா டிராபிக். பென்னாகரத்துலருந்தோ அஞ்செட்டிலருந்தோ கெளம்பினா முதல்ல நம்ம டவுனு வந்து சேரவே எவ்வளவு நேரம்னு கணக்கு போடுங்க.

அதனால வரிசை இதுதான்: 108 கூப்பிடுங்க, கிட்ட இருக்கற எடத்துல ஈசிஜி எடுங்க. நம்ம தமிழ்நாட்டுல இதயம் காப்போம் திட்டம்னு 2023லருந்து இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் டோஸா 14 மாத்திரை குடுப்பாங்க: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. இதை நிறைய பேர் "என்னமோ கைநெறைய மாத்திரைய குடுத்து அனுப்பிட்டாங்க"ன்னு நெனச்சு வழியில வேணாம்னு வெச்சிருக்காங்க. அது அவசர டோஸ், அப்பவே முழுங்கணும். ஆஸ்பிரின மென்னு முழுங்கினா சீக்கிரம் வேலை செய்யும், ஆனா அலர்ஜி இருந்தா, ரத்த வாந்தி எடுத்திருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

குழாய் முழுசா அடைச்ச பெரிய அட்டாக்னா, ஈசிஜில தெரிஞ்சதுலருந்து 120 நிமிஷத்துக்குள்ள கேத் லேப்ல (குழாய்க்குள்ள கம்பி விட்டு அடைப்ப எடுக்கற அறை) பலூன் வெச்சு திறக்க முடியுமான்னு டாக்டர் பாப்பாரு. முடியாதுன்னா கரைக்கற ஊசிய இங்கயே போட்டுட்டு அப்புறம் அனுப்பறதுதான் சரி. அந்த ஊசி வலி ஆரம்பிச்ச 12 மணி நேரத்துக்குள்ள போடணும், முதல் ரெண்டு மூணு மணி நேரத்துல போட்டா பலனே தனி. "பெரிய ஆஸ்பத்திரி போயே பாத்துக்கறோம்"னு ஊசிய மறுத்துட்டுக் கெளம்பின குடும்பங்கள நான் பாத்திருக்கேன், தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க.

"அந்த ஊசி போட்டா மூளைல ரத்தம் கசியும்னு எழுதிக் கேக்கறாங்க, கையெழுத்து போடலாமா?"

பயம் நியாயமானதுதான். நூறு பேருக்குப் போட்டா ஒருத்தருக்கு கிட்ட மூளைல கசிவு வரலாம், அதை மறைக்க மாட்டோம். ஆனா அடைப்பு திறக்காம விட்டா ஆபத்து அதைவிட ரொம்பப் பெருசு. முன்ன எப்பவாவது மூளைல ரத்தக் கசிவு வந்திருக்கா, சமீபத்துல பக்கவாதம், தலையில அடி, பெரிய ஆபரேஷன், கருப்பா மலம் போனது, இதெல்லாம் கேப்பாங்க. உண்மையச் சொல்லுங்க, அந்த நேரத்துல மறைச்சா நம்ம ஆளுக்குத்தான் கேடு.

ஸ்ட்ரெப்டோகைனேஸ்னா 15 லட்சம் யூனிட், அரை மணியிலருந்து ஒரு மணி நேரம் டிரிப்ல ஏத்துவாங்க. டெனெக்டிப்ளேஸ்னா எடைக்குத் தக்கபடி ஒரே தள்ளு, சில நொடில முடிஞ்சுடும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒரு தடவை போட்டவங்களுக்கு உடம்பு அதுக்கு எதிர்ப்பு சக்தி உண்டாக்கிடும், மறுபடி அதையே போட மாட்டாங்க. அதான் டிஸ்சார்ஜ் சம்மரிய பத்திரமா வெக்கச் சொல்றேன், எந்த ஊசி போட்டாங்கன்னு அதுலதான் இருக்கும்.

"ஊசி போட்டு வலி நின்னுடுச்சு, அப்புறம் எதுக்கு ஆஞ்சியோ? காசு புடுங்கவா?"

ஊசி கிளாட்ட கரைக்கும், அதுக்கு அடியில இருக்கற கொழுப்புப் படிவ கரைக்காது. மறுபடி அதே எடத்துல அடைக்கலாம். ஊசி வேலை செஞ்சிருந்தா 3லருந்து 24 மணி நேரத்துக்குள்ள ஆஞ்சியோ (டை ஏத்தி ஹார்ட் குழாய படம் புடிக்கறது) பாக்கறது வழக்கம், வேலை செய்யலன்னா உடனே அனுப்பணும். முதல்வர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூணையும் ஒரு பையில போட்டு வெச்சுடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு தேட முடியாது.

"கால்தானே வீங்கியிருந்துச்சு, அதுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?"

எங்க அத்தை கதைதான் இது. பாலக்கோடு பக்கம், தக்காளித் தோட்டத்துல வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டு போட்டாங்க. கட்டு பிரிச்ச பிறகு அந்தக் கால் மட்டும் வீக்கம், கெண்டைக்கால் சூடா, தொட்டா வலி. வீட்ல எல்லாரும் கட்டு போட்டதால வந்த வீக்கம்னு நெனச்சு வெளக்கெண்ணெய் போட்டு நல்லா அழுத்தித் தேச்சுவிட்டாங்க. நாலாவது நாள் பாத்ரூம் போயிட்டு வந்தவங்க கதவப் புடிச்சுகிட்டு மூச்சு வாங்கறாங்க, உதடெல்லாம் வெளுத்துப் போச்சு. நான் போன்ல கேட்டப்ப "தேச்ச பிறகு வலி கொறஞ்சுது பாப்பா"ன்னுதான் சொன்னாங்க.

ரெண்டு காலும் வீங்கினா வேற காரணம் நிறைய இருக்கு. ஒரு கால் மட்டும் வீங்கினா சும்மா விடாதீங்க. தையல் டேப் எடுத்து, முழங்காலுக்குக் கீழ முன்னாடி ஒரு எலும்பு மேடு இருக்கும்ல, அதுக்கு 10 சென்டிமீட்டர் கீழ ரெண்டு கெண்டைக்காலையும் அளந்து பாருங்க, 3 சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் இருந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போய் டாப்ளர் ஸ்கேன் (கால் நாளத்துல ரத்தம் ஓடுதான்னு பாக்கறது) கேளுங்க. வித்தியாசம் கம்மியா இருக்கு, ஆனா வலியும் சூடும் இருக்குன்னாலும் போங்க. அதுவரைக்கும் தேக்காதீங்க, பத்து போட்டு இறுக்கிக் கட்டாதீங்க.

"எங்க வீட்ல யாருக்கும் கிடையாது, எங்களுக்கு மட்டும் ஏன் வந்துச்சு?"

விர்ச்சோன்னு ஒரு ஜெர்மன் டாக்டர், 1850கள்லயே கிளாட் பத்தி ஆராய்ச்சி பண்ணவரு, அவர் பேர்ல மூணு காரணம் சொல்லுவாங்க: ரத்தம் ஓடாம தேங்கறது, குழாய்ச் சுவர் காயம் படறது, ரத்தமே சீக்கிரம் உறையற தன்மைக்கு மாறறது. அத்தைக்கு முறிவுல காயம், மாவுக்கட்டுல தேக்கம், ரெண்டும் சேந்துச்சு. பெரிய ஆபரேஷன், படுத்த படுக்கை, கேன்சர், கர்ப்பம், பிரசவம் ஆன முதல் ஆறு வாரம், ஈஸ்ட்ரோஜன் இருக்கற கருத்தடை மாத்திரை, ரொம்ப தூரம் கால நீட்டாம உக்காந்து போறது, அதிக எடை, இதெல்லாம் நுரையீரல் கிளாட்டுக்குக் கதவு திறக்கும். சிலருக்கு பிறவியிலயே உறையற தன்மை ஜாஸ்தி.

ஹார்ட் அட்டாக் வகைக்கு பீடி சிகரெட், சுகர், பிபி, கொழுப்பு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்த 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளிலதான் ஆரம்பிச்சாங்க, வீட்டுக்கே பிபி, சுகர் மாத்திரை வருது. வாங்கி டப்பாவுல போடாம சாப்டுங்க.

"டி-டைமர் ஜாஸ்தின்னு ரிப்போர்ட் வந்திருக்கு, அப்ப கிளாட் உறுதியா?"

உறுதி இல்ல. டி-டைமர்ங்கறது கிளாட் கரையறப்ப ரத்தத்துல வர்ற துணுக்க அளக்கற டெஸ்ட். காய்ச்சல், அடிபட்டது, ஆபரேஷன், கர்ப்பம், வயசு, எதுக்கும் அது ஏறும். அதோட உபயோகம் எதிர்ப்பக்கம்: டாக்டர் பாத்து சந்தேகம் கம்மின்னு சொன்ன ஆளுக்கு டி-டைமரும் கம்மியா வந்தா, கிளாட் இல்லன்னு நிம்மதியா சொல்லலாம், சிடி ஸ்கேன் தேவைப்படாது. சந்தேகம் பலமா இருந்தா டி-டைமர் பாத்து நேரம் போக்காம நேரா சிடிதான். பல லேப்ல 500 வரைக்கும் நார்மல், 50 வயசு தாண்டினவங்களுக்கு வயச 10ஆல பெருக்கி அந்த அளவு வரைக்கும் விடுவாங்க, 70 வயசுன்னா 700. லேபுக்கு லேப் யூனிட் மாறும், அதனால நம்பர மட்டும் வாட்ஸப்ல அனுப்பி "இது ஜாஸ்தியா"ன்னு கேட்டா யாராலயும் சரியா சொல்ல முடியாது.

"ஈசிஜி நல்லாருக்கு, எக்ஸ்ரே நல்லாருக்கு, இன்னும் எதுக்கு சிடி?"

ஏன்னா நுரையீரல் கிளாட் அது ரெண்டுலயும் ஒளிஞ்சுக்கும். ஈசிஜில பெரும்பாலும் துடிப்பு வேகமா இருக்கும், அவ்வளவுதான். எக்ஸ்ரே சுத்தமா இருக்கு, ஆனா ஆக்ஸிஜன் 88னு காட்டுது, அப்பத்தான் எங்களுக்கு சந்தேகமே கிளம்பும். டை ஏத்தி எடுக்கற சிடில நுரையீரல் குழாய்ல கிளாட் நிக்கறது நேராவே தெரியும். டைக்கு முன்னாடி கிட்னிக்கு கிரியாட்டினின் பாப்பாங்க, அலர்ஜி இருந்தா சொல்லுங்க.

சிடிக்குக் கூட்டிட்டுப் போக முடியாத அளவு பிபி இறங்கினவங்களுக்கு படுக்கைலயே எக்கோ (ஹார்ட் ஸ்கேன்) பாப்பாங்க, ஹார்ட்டோட வலது பக்கம் உப்பிப் போய் திணறும். இருமல்ல ரத்தம் வந்தா நம்ம பக்கம் எல்லாரும் டிபின்னுதான் முதல்ல நெனப்பாங்க, சளி டெஸ்ட் கண்டிப்பா பாக்கணும், ஆனா திடீர்னு மூச்சுத் திணறலோட வந்தா கிளாட்டும் மனசுல இருக்கணும்.

"நுரையீரல் கிளாட்டுக்கும் அந்தக் கரைக்கற ஊசியப் போட்டா உடனே சரியாயிடுமே, ஏன் போடல?"

மேல சொன்ன கசிவு ஆபத்து இங்கயும் உண்டு. அதனால பிபி 90க்குக் கீழ இறங்கி உயிர் ஊசலாடறவங்களுக்குத்தான் முதல்ல அது. மத்தவங்களுக்கு ஹெப்பாரின் வகை ஊசி (வயித்துத் தோல்ல போடறது, எனாக்ஸாபரின்னா பெரும்பாலும் எடைக்குத் தக்கபடி 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை), இல்லன்னா ஆரம்பத்துலருந்தே மாத்திரை. இது கிளாட்ட கரைக்கறதில்ல, அது வளராம புதுசு உருவாகாம நிறுத்தி வெக்கும், கரைக்கற வேலைய உடம்பே மெதுவா செஞ்சுக்கும். அத்தைக்கு பிபி நல்லாருந்துச்சு, அதனால கரைக்கற ஊசி போடவே இல்ல. "ஒண்ணுமே பண்ணாம வெச்சிருக்காங்க"ன்னு மாமா சண்டை போட்டாரு, பாவம்.

"எத்தனை மாசம் மாத்திரை? மூச்சு சரியாச்சே, நிறுத்தலாமா?"

குறைஞ்சது மூணு மாசம். ஆபரேஷன், முறிவு மாதிரி தெளிவான காரணம் இருந்து, அது போயிடுச்சுன்னா மூணு மாசத்தோட நிறுத்த டாக்டர் யோசிப்பாரு. காரணமே தெரியாம வந்தா, ரெண்டாவது தடவை வந்தா, கேன்சர் இருந்தா இன்னும் நீளும், சிலருக்கு காலம் பூரா. ஸ்டென்ட் (ஹார்ட் குழாய திறந்து வெக்கற கம்பி வலை) வெச்சவங்களுக்கு கணக்கு வேற, அட்டாக்குக்குப் பிறகு தட்டணு ஒட்டாம இருக்க ரெண்டு வித மாத்திரை வழக்கமா ஒரு வருஷம், நடுவுல நீங்களா நிறுத்தினா ஸ்டென்ட் அடைச்சுக்கும்.

"அசிட்ரோம் சாப்டறவங்க கீரையே தொடக் கூடாதாமே, எங்களுக்கு களியும் கீரைக் கடைசலும்தானே சோறு?"

சாப்டுங்க. கீரைல இருக்கற விட்டமின் கே, அசிட்ரோம் மாதிரி ரத்தம் உறையாம வெக்கற மாத்திரைக்கு எதிரா வேலை செய்யும், அது உண்மை. ஆனா தப்பு கீரைல இல்ல, ஏத்த இறக்கத்துலதான். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லன்னா ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டற டெஸ்ட்) தாறுமாறா ஆடும். வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை கரண்டின்னு ஒரே மாதிரி வெச்சுக்கோங்க, டாக்டர் அதுக்குத் தக்கபடி அளவு வெப்பாரு. ராகியால பிரச்சினை இல்ல. அத்தை சமையல்கட்டு காலண்டர்லயே கீரை வெச்ச நாளுக்கு பச்சைப் புள்ளி, ஐஎன்ஆர் பாத்த நாளுக்கு நம்பர் எழுதி வெச்சிருந்தாங்க, டாக்டரே அதைப் பாத்துட்டு போட்டோ எடுத்துகிட்டாரு.

நுரையீரல் கிளாட்டுக்கு ஐஎன்ஆர் 2க்கும் 3க்கும் நடுவுல நிக்கணும். கீரைய விட மோசமா ஆட்டி வெக்கறது மத்த மருந்துங்கதான்: மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்ஸசோல் ஐஎன்ஆர ஏத்திவிடும், டிபி மாத்திரை ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். மூட்டு வலிக்கு மெடிக்கல்ல கேட்டு வாங்கற டைக்ளோஃபெனாக் வேணவே வேணாம், வயித்துல ரத்தம் கசியும். நாட்டு மருந்து, சாராயம் ரெண்டையும் டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

"புது மாத்திரைக்கு ஐஎன்ஆர் டெஸ்டே வேணாமாம், அதுக்கு மாத்திக்கலாமா?"

கால், நுரையீரல் கிளாட்டுக்கு ரிவராக்ஸபான், அபிக்ஸபான் ரெண்டும் நல்லா வேலை செய்யும், அரூர் மலைப்பக்கத்துலருந்து மாசாமாசம் டெஸ்ட்டுக்கு பஸ் ஏறி வரவங்களுக்கு பெரிய வரம். ரிவராக்ஸபான் முதல் 21 நாள் ரெண்டு வேளை, அப்புறம் ஒரு வேளை, சாப்பாட்டோட போடணும். ஒரு டோஸ் விட்டாலும் காவல் போயிடும்.

ஆனா ஹார்ட்ல இரும்பு வால்வு வெச்சவங்க இதுக்கு மாறவே கூடாது. டாபிகாட்ரான்னு இன்னொரு புது மாத்திரைய வால்வுக்குப் போட்டுப் பாத்த ஆராய்ச்சிய 2012ல பாதியில நிறுத்தினாங்க, கிளாட்டும் அதிகம், ரத்தக் கசிவும் அதிகம். முடக்குக் காய்ச்சல்னால (ருமாட்டிக் ஃபீவர்) வால்வு சுருங்கி துடிப்பு தாறுமாறா ஓடறவங்களுக்கு ரிவராக்ஸபான விட பழைய வகை மாத்திரைதான் உயிர காப்பாத்துச்சுன்னு 2022ல வந்த பெரிய ஆராய்ச்சி காட்டிச்சு. அவங்களுக்கு அசிட்ரோம், வார்ஃபரின்தான்.

"வால்வு போட்டப்ப டிக் டிக்னு கேட்டுச்சு, இப்ப கேக்கறதில்ல, பழகிடுச்சோ?"

பழகிடுச்சுன்னு விடாதீங்க. ராத்திரி அமைதியில பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்குக் கூட கேக்கற சத்தம் மங்கினா வால்வுல கிளாட் உக்காந்திருக்கலாம். புதுசா மூச்சு வாங்குதுன்னா அன்னைக்கே, அந்த மணிக்கே ஆஸ்பத்திரி. எக்கோவும் ஐஎன்ஆரும் பாத்து, ஊசியா ஆபரேஷனான்னு முடிவு பண்ணுவாங்க. நான் பாத்ததுல முக்கால்வாசி பேரு மாத்திரை தீந்து, பண்டிகை முடியட்டும்னு வாங்காம விட்டவங்க.

"அட்டாக் வந்த பிறகு ஹார்ட்டுக்குள்ளயே கிளாட் நிக்குதுன்னு எக்கோல சொன்னாங்க. நடந்தா கழண்டுடுமா?"

ரெண்டாவது கேள்வில மூணாவது விதம்னு சொன்னேனே, அதுதான். முன்பக்கச் சுவர் பெருசா அடிபட்டா அந்த எடம் துடிக்காம தொங்கும், ரத்தம் தேங்கி உறையும். நடக்கறதால கழண்டு வரும்னு படுத்தே கெடக்க வேணாம், டாக்டர் சொன்ன அளவு நடங்க. மூணு மாசம் கிட்ட ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்து மறுபடி எக்கோ பாப்பாங்க. மேல் அறையோட மூலையில ஒளிஞ்சிருக்கற கிளாட் சாதா எக்கோல தெரியாது, அதுக்கு தொண்டை வழியா குழாய் விட்டுப் பாக்கறது. வாய் கோணுது, கை தூக்க முடியல, பேச்சு குளறுதுன்னா உடனே 108.

"மருமக மாசமா இருக்கா, ஒரு கால் வீங்குது, ஸ்கேன் ஊசின்னா குழந்தைக்கு ஆகாதே?"

கால் டாப்ளர்ல கதிர்வீச்சே கிடையாது, முதல்ல அதைப் பாப்பாங்க. கால்ல கிளாட் தெரிஞ்சா மருத்துவம் ஒண்ணுதான், பல நேரம் சிடியே தேவைப்படாது. தேவைப்பட்டா எடுக்கத்தான் வேணும், தாய் மூச்சு நின்னா குழந்தை எங்க இருக்கும்? ஹெப்பாரின் வகை ஊசி குழந்தைக்குப் போகாது. வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி மாத்திரைங்கதான் கருவுல பாதிப்பு உண்டாக்கும், அதனால இரும்பு வால்வு வெச்ச பொண்ணுங்க குழந்தைக்குத் திட்டம் போடறதுக்கு முன்னாடியே டாக்டர பாக்கணும், நாள் தள்ளிப் போச்சுன்னு தானா மாத்திரைய நிறுத்தவும் கூடாது. பால் குடுக்கறப்ப வார்ஃபரின் சாப்டலாம்.

"பல்லு புடுங்கணும், மாத்திரைய ரெண்டு நாள் நிறுத்திக்கட்டுமா?"

நீங்களா நிறுத்தாதீங்க. ஒரு பல்லுக்கு பெரும்பாலும் நிறுத்தவே வேணாம், ஐஎன்ஆர் சரியா இருந்தா பஞ்சு வெச்சு அழுத்தி பாத்துக்குவாங்க. இடுப்புல தசையில போடற ஊசிய தவிர்க்கச் சொல்லுங்க, உள்ளுக்குள்ள ரத்தம் கட்டிக்கும். கருப்பு மலம், சிவப்பு மூத்திரம், தலையில அடி, நிக்காத மூக்கு ரத்தம், இதுக்கு காத்திருக்காம வந்துடுங்க.

"ஆறு மாசம் மாத்திரை சாப்டாச்சு, இன்னும் படி ஏறினா மூச்சு வாங்குதே?"

கிளாட் வந்தவங்கள்ல சிலருக்கு அது முழுசா கரையாம குழாய்ச் சுவரோட தழும்பா ஒட்டிக்கும், அதனால நுரையீரல் குழாய்ல பிரஷர் ஏறி ஹார்ட்டோட வலது பக்கம் சிரமப்படும். மூணு மாச சிகிச்சைக்கு அப்புறமும் மூச்சு வாங்கினா எக்கோ கேளுங்க, அதுல சந்தேகம்னா வி-கியூ ஸ்கேன்னு ஒண்ணு எடுப்பாங்க, காத்து போற எடமும் ரத்தம் போற எடமும் பொருந்துதான்னு பாக்கறது. உறுதியாச்சுன்னா அந்தத் தழும்பையே உரிச்சு எடுக்கற ஆபரேஷன், பலூன், மாத்திரை மூணு வழியும் இருக்கு, பெரிய மையங்கள்லதான் செய்வாங்க. வயசாச்சு, எடை ஏறிடுச்சுன்னு நெனச்சு சும்மா இருந்துடாதீங்க, பழைய சிடி ஸ்கேன் எடுத்த டிஸ்க்கையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையில எடுத்துகிட்டு போய் "எனக்கு நுரையீரல்ல கிளாட் வந்திருந்துச்சு, இன்னும் மூச்சு வாங்குது"ன்னு அந்த ஒரு வரியா சொல்லுங்க.